ஒரு வருஷம் வீணாப்போயிடுமா டாக்டர்?

(எல்கேஜி சேர்க்கை பற்றி. இழை கொஞ்சம் நீளம். மூணு வயசை ஒட்டின குழந்தை வீட்டில் இருந்தால் கடைசி வரை படிங்க.)

எங்க ஊர் பேர் டிவியில் வருவது வருஷத்துக்கு ஒரு சீசன்தான். வடகிழக்குப் பருவமழை பிடிச்சதும் "செம்பரம்பாக்கம் ஏரி 21 அடி, 22 அடி" என்று திரையின் கீழே ஓட ஆரம்பிக்கும். 24 அடி வரைக்கும் ஊரே எண்ணிக்கொண்டிருக்கும்.

மழை விட்டதும் என் கிளினிக்கில் வேற ஒரு எண்ணிக்கை தொடங்கும். "ரெண்டு வயசு ஏழு மாசம் டாக்டர்." "ஜூன் வந்தா மூணு முடிய இன்னும் பத்து நாள் இருக்கும் டாக்டர்." பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் நெடுஞ்சாலையில் பள்ளிக்கூட பேனர்கள் ஏறிவிட்டன என்று அர்த்தம். அட்மிஷன் ஓப்பன்.

யாரும் இதுக்குன்னு தனியா வர மாட்டாங்க. சளிக்குக் காட்ட வருவாங்க. மருந்துச் சீட்டை வாங்கிக்கிட்டு, கதவு வரைக்கும் போய், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் செருப்பு, திரும்பி நின்னு கேட்பாங்க: "டாக்டர், இவள எல்கேஜி சேக்கலாமா, இல்ல ஒரு வருஷம் தள்ளிப் போடலாமா? ஒரு வருஷம் வீணாப்போயிடுமே?"

குழந்தைகள் நல மருத்துவரா நான் கேட்ட கேள்விகளில் அதிகம் கேட்டது காய்ச்சலுக்கு அடுத்து இதுதான். கதவுப் பக்கம் நிக்கிறவங்களுக்கு ரெண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கு. அதையும் சொல்றேன்.

முதலில் கணக்கு.

தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. அதில் இருந்து ரெண்டு வருஷம் கழிச்சா எல்கேஜிக்கு 3 வயது. தனியார் பள்ளிகள் ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளும். அடிப்படை இதுதான்.

இப்ப ஆவடிக்குப் போங்க. அங்கே இருக்கிற கேந்திரிய வித்யாலயாக்களில் கணக்கே வேற. 2022-23 முதல் அவர்களுக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. பெற்றோர் சிலர் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2022 ஏப்ரலில் 6 வயதுதான் என்று முடிந்தது. தேசியக் கல்விக் கொள்கை சொல்வதும் 6 வயதுதான். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, 5 என்றே வைத்திருக்கிறது. அரசியலுக்குள் நான் போகலை. குழந்தைக்கு என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க.

2021 ஜூலை 10-ல் பிறந்த ஒரு பெண் குழந்தை. செம்பரம்பாக்கத்தில் அவள் 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அவளையே ஆவடி கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்தால்? 2027 மார்ச் 31-ல் அவளுக்கு 6 ஆகவில்லை. அதனால் 2028 ஏப்ரலில்தான் ஒன்றாம் வகுப்பு. ஒரே குழந்தை, ஒரே மூளை, ஒரே கை. நடுவில் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். ரெண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை ஸ்கூட்டரிலேயே போய்விடலாம்.

அப்போ "சரியான வயசு" என்று நாம் பதறுகிற அந்தத் தேதி யார் வைத்தது? இயற்கை வைக்கலை. ஆபீஸ் வைத்தது. ஒரு தேதி வைக்காமல் பள்ளிக்கூடம் நடத்த முடியாது, அது புரியுது. ஆனா அதை ஜாதகம் மாதிரி நம்ப வேண்டாம்.

நம்ம அப்பா அம்மா காலத்தில் தேதியே கிடையாது. ஹெட்மாஸ்டர் முன்னாடி நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் சேர்க்கை. தொடலைன்னா "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க". பிறந்த தேதியை ஹெட்மாஸ்டரே எழுதிக்கொள்வார். அதனால்தான் அந்தத் தலைமுறையில் இத்தனை பேருக்கு மே, ஜூன் மாசத்தில் பிறந்தநாள். சிரிக்கிற விஷயம் மாதிரி இருக்கும், ஆனா அந்தக் காது சோதனையில் ஒரு மருத்துவ நியாயம் உண்டு. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிசு, கை குட்டை. உடம்பு வளர வளர கை நீண்டு காதைப் பிடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது நடப்பது ஆறு வயசை ஒட்டி. அவர்கள் அளந்தது குழந்தையின் உடம்பை. நாம் அளப்பது சர்ட்டிபிகேட்டை.

அதுக்காகக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துச் சேர்க்காதீங்க! எல்கேஜிக்கு அது பொருந்தாது. மூணு வயசுக் குழந்தை யாருக்கும் எட்டாது.

கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லணும். மணிக்கட்டில் நமக்கு எட்டுக் குட்டி எலும்புகள். பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக அங்கே ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. மூணு வயசில் ரெண்டோ மூணோ தெரியும். மிச்சம் ஒவ்வொன்றாகத் தோன்றி, கடைசி எலும்பு தெரிய எட்டு வயசுக்கு மேல் ஆகும். கட்டுமானம் இன்னும் நடந்துகொண்டிருக்கிற கை அது.

மூணு வயசில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். கூட்டல் குறி போட நாலு வயசு. சதுரத்துக்கு நாலரை, அஞ்சு. முக்கோணத்துக்கு அஞ்சு. இப்ப நம்ம "அ"-வை ஒரு தடவை எழுதிப் பாருங்க. சுழி, வளைவு, படுத்த கோடு, நின்ற கோடு. கூட்டல் குறிக்கே இன்னும் ஒரு வருஷம் இருக்கிற கையை இதைப் பக்கம் பக்கமா எழுதச் சொன்னால் என்ன ஆகும்? அழும். அல்லது பென்சிலை முஷ்டியில் பிடித்து எப்படியோ எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதுவதையே வெறுக்கும். அழுகிற குழந்தையைத்தான் எங்கிட்ட கூட்டிட்டு வருவாங்க. வெறுக்கிற குழந்தையை யாரும் கூட்டிட்டு வர்றதில்லை.

ஒரு வகுப்பில் ஆகஸ்ட் 1-ல் பிறந்தவனும் அடுத்த ஜூலை 31-ல் பிறந்தவளும் ஒரே பெஞ்சில். எல்கேஜி தொடங்கும்போது அவனுக்கு நாலு வயசு நெருங்குது, அவளுக்கு மூணுகூட முடியலை. அவள் வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அவன் கூடுதலாக வாழ்ந்திருக்கிறான். பத்தாம் வகுப்பில் அதே ஒரு வருஷம் பெரிசாத் தெரியாது. எல்கேஜியில் அது மலை. மிஸ் சொல்வார்: "அவன் எல்லாம் டக்குனு முடிச்சிடறான், உங்க பொண்ணு ரொம்ப ஸ்லோ." ஸ்லோ இல்லைங்க. சின்னவள்.

இதை நான் சும்மா சொல்லலை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே கட் ஆஃப் டிசம்பர் 31. டிசம்பரில் பிறந்த, அதாவது வகுப்பிலேயே சின்ன பையன்களுக்கு ஜனவரிப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக ஏடிஹெச்டி என்று முத்திரை விழுந்திருந்தது. பெண் குழந்தைகளில் 70 சதவீதம் அதிகம். அமெரிக்காவிலும் 2018-ல் இதே போல வந்தது. செப்டம்பர் 1 கட் ஆஃப் இருந்த மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு 34 சதவீதம் அதிகம். பிறந்த மாசம் பார்த்தா ஒரு மூளை நோய் வரும்? வகுப்பில் சின்னவனாக இருந்ததைச் சிலருக்கு நோய் என்று எழுதிவிட்டார்கள். சிலருக்கு மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். (ஏடிஹெச்டி என்பது உண்மையான பிரச்சினை. சரியாகக் கண்டுபிடித்தால் சிகிச்சையும் உண்டு. அதை மறுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

"அப்போ எல்லாரும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டுடலாமா டாக்டர்?"

அவசரப்படாதீங்க.

தள்ளிப்போடுவதற்கு ஆதரவாக எல்லாரும் காட்டுவது டென்மார்க். அங்கே ஒரு வருஷம் தாமதமாகத் தொடங்கிய குழந்தைகளுக்கு 11 வயதில் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் 73 சதவீதம் குறைந்திருந்ததாக ஓர் ஆய்வு உண்டு. பெரிய எண். ஆனா அங்கே தள்ளிப்போட்டது எதை? ஆறு வயசை ஏழு ஆக்கினார்கள். நம்ம மாதிரி மூணை நாலு ஆக்கவில்லை. அதைவிட முக்கியம், அந்த ஒரு வருஷம் குழந்தை எங்கே இருந்தது என்பது. அங்கே பெரும்பாலும் ஆளும் இடமும் உள்ள நல்ல விளையாட்டுப் பள்ளியில்.

நம்ம ஊர் குழந்தை அந்த ஒரு வருஷம் எங்கே இருக்கும்?

இதைத்தான் நான் இப்பல்லாம் முதல் கேள்வியாகக் கேட்கிறேன். சேர்க்கலைன்னா காலை ஒன்பது மணிக்கு உங்க புள்ள எங்கம்மா இருப்பா?

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனியில் அப்பாவுக்கு ஷிப்ட். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து பகல்ல தூங்கணும். வீடு ஒத்தை ரூம், ஒரு கிச்சன். குழந்தை சத்தம் போட்டா அப்பா எழுந்துடுவார். அதனால் கையில் போன். வெளியே விடலாம்னா வாசலில் லாரி போகுது. அம்மாவும் வேலைக்குப் போறவங்கன்னா பக்கத்து வீட்டில் விட்டுட்டுப் போவாங்க, அங்கேயும் டிவி. இந்த வீட்டில் "ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க" என்று நான் சொன்னால், "ஒரு வருஷம் போன் பாருங்க" என்று சொன்னதாகத்தான் அர்த்தம். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் ரெண்டில் இருந்து அஞ்சு வயசு வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அந்த ஒரு மணி நேரம் இந்த வீட்டில் காலை பத்து மணிக்கே தீர்ந்துடும்.

அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம்தான் நல்லது. சுமாரான எல்கேஜியாக இருந்தாலும் இன்னொரு இருபது குழந்தைகள் இருப்பாங்க, பேசுவாங்க, பிடுங்குவாங்க, பகிர்ந்துக்குவாங்க.

இன்னொரு வீடு. ஆயா இருக்காங்க. கடைக்குப் போகும்போது கூட்டிட்டுப் போறாங்க. "ரெண்டு வாழைப்பழம் எடு, பெருசா எடு, அந்த அக்காகிட்ட காசு குடு." பட்டாணி உரிக்க விடுறாங்க. கோழியைத் துரத்த விடுறாங்க. ராத்திரி கதை சொல்றாங்க, அதே கதையை இருபது தடவை. இந்தக் குழந்தை வீட்டில் இருக்கிற வருஷத்தில் எண்ணும் படிக்குது, அளவும் படிக்குது, மொழியும் படிக்குது. பட்டாணி உரிக்கிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிற விரல். பிறந்ததும் ஜூன், ஜூலை என்றால் நான் தயங்காமல் சொல்வேன்: இருக்கட்டும்மா, என்ன அவசரம்.

ரெண்டுக்கும் நடுவில் அங்கன்வாடி இருக்கு, நாம மறந்துட்டோம். ரெண்டு வயசில் இருந்தே போகலாம். பாட்டு, விளையாட்டு, மத்தியானச் சாப்பாடு, முட்டை. "அங்கன்வாடியா டாக்டர்?" என்று முகம் சுளிப்பவர்களிடம் கேட்கிறேன், உங்க ஏரியா அங்கன்வாடிக்குள்ள ஒரு தடவையாவது போய்ப் பார்த்தீங்களா? சில இடம் ரொம்ப நல்லா இருக்கும். சில இடத்தில் டீச்சரம்மாவுக்கே கணக்கெடுப்பு வேலையிலேயே நாள் போயிடும், அதுவும் உண்மை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளையே அரசு தொடங்கியது. பக்கத்தில் இருக்கான்னு விசாரிங்க. கட்டணம் இல்லை.

கட்டணம்னு வந்தாச்சு, ஒண்ணு சொல்லிடறேன். தள்ளிப்போட நினைக்கிறவங்க பலருக்கு இது தெரியாது. ஆர்டிஇ 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவச எல்கேஜி இடத்துக்கு விண்ணப்பிக்க, குழந்தை குறிப்பிட்ட 12 மாசத்துக்குள் பிறந்திருக்கணும். 2024-25 சேர்க்கைக்கு அது 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை. ஒரு வருஷம் தள்ளிப் போட்டீங்கன்னா, எல்கேஜிக்கான அந்த ஜன்னல் மூடிடும். அடுத்த வருஷம் அதே பள்ளியில் எல்கேஜிக்குப் பணம் கட்டித்தான் சேர்க்கணும். காசு இருக்கிறவங்களுக்குத் தள்ளிப்போடுவது ஒரு யோசனை. இல்லாதவங்களுக்கு அது ஒரு செலவு. டிவியில் "குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள்" என்று பேசுகிற என் சக டாக்டர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நம்ம பக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. தள்ளிப்போட இல்லை, முன்னாடியே தள்ள. அக்டோபரில் பிறந்த குழந்தையை ரெண்டு வயசு எட்டு மாசத்தில் எல்கேஜி. "பக்கத்து வூட்டுப் புள்ள போவுது டாக்டர், இவ மட்டும் வூட்ல இருந்தா ஒரு வருஷம் வேஸ்ட்டுதானே?" எதுக்கு வேஸ்ட்? பன்னிரண்டாம் வகுப்பைப் பதினாறரை வயசில் முடிச்சு என்ன செய்யப் போறா? டாக்டராக்கணும்னு சொல்றவங்களுக்கு: எம்பிபிஎஸ் சேர, சேர்கிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிஞ்சிருக்கணும். ரொம்ப முன்னாடி ஓடினா வாசலில் நின்னு காத்திருக்கணும்.

இப்ப என் தப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். ஜூன் மாசத்தில் பிறந்த பையன், மூணு வயசு முடிஞ்சிருந்தது. சுறுசுறுப்பு, சிரிச்ச முகம், என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி அவன் காதில் மாட்டிக்கிட்டான். பேச்சு மட்டும் குறைவு. நாலஞ்சு வார்த்தை. வேணுங்கிறதைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவான்னு அம்மா சொன்னாங்க. எல்கேஜி சேர்க்கலாமா?

நான் அவன் கண்ணைப் பார்த்தேன். நல்லாப் பார்க்கிறான். நான் "பந்தை எடு" என்று கையைக் காட்டிச் சொன்னேன். எடுத்தான். திருப்தியாகிவிட்டது. "ஜூன்ல பிறந்தவன், கிளாஸ்லயே சின்னவனா இருப்பான். ஒரு வருஷம் கழிச்சு சேருங்கம்மா. பசங்க கொஞ்சம் லேட்டாத்தான் பேசுவாங்க. தானா வரும்."

அந்த அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி. டாக்டரே சொல்லிட்டாங்கன்னு வீட்டில் எல்லாருக்கும் பதில் கிடைச்சது.

அடுத்த ஜூனில் சேர்த்தார்கள். மூணாவது வாரம் அந்த எல்கேஜி மிஸ் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க: "முன்னாடி நின்னு சொன்னா எல்லாம் செய்யறான். பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறான்."

மூணு வாரம். நான் அவனுக்கு மூணு வருஷம் தடுப்பூசி போட்டிருக்கிறேன்.

பெரா பரிசோதனை செய்தோம். ரெண்டு காதிலும் செவித்திறன் குறைவு, கொஞ்சநஞ்சம் இல்லை. நான் "பந்தை எடு" என்றபோது அவன் கேட்டது என் குரலை இல்லை, பார்த்தது என் கையை. காதுக் கருவி மாட்டும்போது நாலேகால் வயசு. மொழியைப் பிடிப்பதில் மூளை அதிவேகமாக இருப்பது முதல் சில வருஷங்கள். அதில் ஒரு முழு வருஷத்தை நான் "தானா வரும்" என்று சொல்லிக் கழித்துவிட்டேன்.

அந்த அம்மா என்னைத் திட்டலை. "நீங்க சொன்னீங்கன்னுதான் டாக்டர் வெயிட் பண்ணோம்" என்று மட்டும் சொன்னாங்க, ரொம்ப சாதாரணமா. அவங்க இன்னும் என்கிட்டத்தான் வர்றாங்க. பையன் இப்ப ஏழாம் வகுப்பு. கணக்கு நல்லாப் போடுவான். "ஷ", "ச" இன்னும் வழுக்கும்.

"ஒரு வருஷம் வீணாப்போயிடுமா" என்று யாராவது கேட்கும்போது எனக்கு அந்த வருஷம்தான் ஞாபகம் வரும். அவன் எல்கேஜிக்குப் போகாததால் அது வீணாகலை. நான் காதைப் பார்க்காததால் வீணாச்சு.

அதனால் பள்ளியைத் தள்ளிப்போடுங்க, போடாதீங்க, அது உங்க வீட்டு நிலைமை. பரிசோதனையை மட்டும் ஒரு மாசம்கூடத் தள்ளாதீங்க. மூணு வயசுக் குழந்தை மூணு வார்த்தை சேர்த்துப் பேசணும். "அம்மா தண்ணி வேணும்." அது பேசுவதில் முக்கால்வாசி வெளி ஆளுக்குப் புரியணும். உங்களுக்குப் புரிஞ்சாப் போதாது, அம்மாவுக்கு எல்லாம் புரியும்! பின்னாடி நின்னு, கை காட்டாமல், மெதுவாக் கூப்பிட்டால் திரும்பணும். பேர் சொன்னா பார்க்கணும். ஏதாவது அதிசயம் கண்டா விரல் நீட்டி உங்களுக்குக் காட்டணும், மத்த குழந்தைகள் பக்கம் போகணும். இதில் எது இல்லைன்னாலும், முன்னாடி பேசிய வார்த்தைகள் நின்னு போயிருந்தாலும், அந்த வாரமே டாக்டரிடம் போங்க. "பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க", "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினார்" எல்லாம் பரிசோதனைக்கு அப்புறம் பேசிக்கலாம். அந்த டாக்டர் என்னை மாதிரி "தானா வரும்" என்று சொன்னால், காது டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுங்கன்னு நீங்களே கேளுங்க. கேட்கலாம். தப்பில்லை.

வாய் திறந்து தூங்குற, குறட்டை விடுற, எப்பவும் சளி பிடிச்சிருக்கிற, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்ற குழந்தைக்கும் காதைப் பார்க்கணும். செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கட்டினால் தண்ணிக்குள்ள முங்கிக் கேட்கிற மாதிரித்தான் கேட்கும். பெரும்பாலும் தானே சரியாகும், மூணு மாசத்தில் ஆகலைன்னா சின்ன சிகிச்சை இருக்கு. அதுவரைக்கும் அந்தக் குழந்தையைத்தான் "கவனிக்கவே மாட்டேங்கறான்" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

காசில்லாமல் பார்க்க வழி இருக்கு. 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் ரெண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வரணும். அங்கே சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கு. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கு. காது ரொம்பவே கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. ஆனா அதுக்கும் சின்ன வயசு முக்கியம்.

பள்ளிக்கூடங்களிடமும் ஒரு வார்த்தை. 1993-லேயே யஷ்பால் குழு சொன்னது, நர்சரிச் சேர்க்கைக்குத் தேர்வு, இன்டர்வியூ எல்லாம் ஒழிக்கணும், சின்னக் குழந்தைகள் மேல் எழுத்து, எண் பாடத்தைத் திணிக்கக் கூடாது என்று. சிபிஎஸ்இ பள்ளிகள் பற்றிய வழக்கில் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் வேண்டாம் என்றது. என் கிளினிக்குக்கு வருகிற எல்கேஜிக் குழந்தை ஊசிக்குக் காத்திருக்கும்போது அம்மா மடியில் வைத்து ஏபிசிடி மூணு பக்கம் எழுத வைக்கிறாங்க. காய்ச்சல் 101.

மூணு வயசுக் குழந்தை பள்ளிக்குத் தயாரா என்று எல்லாரும் கேட்கிறோம். மூணு வயசுக் குழந்தைக்கு அந்தப் பள்ளி தயாரா? சேர்க்கும் முன் நீங்க போய் இன்டர்வியூ எடுங்க. ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை குழந்தை? பாத்ரூம் எங்கே, கூட யார் போவாங்க? முதல் டெர்ம்லயே எழுத்து உண்டா? தூக்கம் வந்தா படுக்க விடுவீங்களா? பதில் நல்லா இருந்தால் ஜூலையில் பிறந்த குழந்தையும் மூணு வயசில் சந்தோஷமாப் போகும். "எங்க எல்கேஜில டிசம்பருக்குள்ள மூணெழுத்து வார்த்தை எழுதுவாங்க சார்" என்று பெருமையாச் சொன்னால், வேற பள்ளி பாருங்க. பக்கத்தில் வேற பள்ளி இல்லைன்னா, அப்போ ஒரு வருஷம் தள்ளிப்போடுவதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கலாம்.

சேர்த்துட்டோம், ரெண்டு மாசமா அழுதுக்கிட்டே போகுது, நிறுத்திடலாமா என்று கேட்பவர்களுக்கு. முதல் ரெண்டு மூணு வாரம் வாசலில் அழுவது சகஜம். நீங்க போனதும் அஞ்சு நிமிஷத்தில் நிறுத்திட்டு விளையாடுதான்னு மிஸ்ஸிடம் கேளுங்க. விளையாடினால் பிரச்சினை இல்லை. ரெண்டு மாசம் ஆகியும் நாள் முழுக்க அழுதால், சாப்பிடலைன்னா, நின்னு போன படுக்கை ஈரம் திரும்ப வந்தால், குழந்தையை நிறுத்துங்க. கட்டின ஃபீஸுக்காகக் குழந்தையை அனுப்பாதீங்க. (மாசம் ஒரு தடவை சளி பிடிப்பது வேற. முதல் வருஷம் எல்லாருக்கும் பிடிக்கும். அதுக்கு நிறுத்த வேண்டாம், எனக்கும் தொழில் நடக்கணும்.)

நாளைக்குக் காலை ஓபி இருக்கு, இதோட நிறுத்திக்கிறேன். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்க. குழந்தை பிறந்த மாசம், வருஷம், பகல்ல யார் பார்த்துக்கிறாங்க, எத்தனை வார்த்தை சேர்த்துப் பேசுது, இந்த மூணும் இருந்தால் போதும். பேரும் போட்டோவும் போடாதீங்க. இன்னைக்கு ராத்திரி தூங்க வைக்கும் முன்னாடி, குழந்தைக்குத் தெரியாமல் பின்னாடி நின்னு மெதுவாப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலைன்னா உடனே பயப்படாதீங்க, விளையாட்டு மும்முரத்திலும் திரும்பாது. நாளைக்கும் அதே மாதிரி நாலஞ்சு தடவை கூப்பிட்டுப் பாருங்க. அப்பவும் திரும்பலைன்னா நாளன்னைக்குக் காலையில் கூட்டிட்டு வாங்க.